ஃபியுமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து சிவித்தாவெக்கியா கப்பல் துறைக்குச் செல்லும் வழி

இத்தாலியின் தலைநகரான ரோமுக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து சொகுசுக் கப்பலில் மத்தியதரைக் கடலைச் சுற்றிவருவோர் பெரும்பாலும் இறங்கும் இடம் ஃபியுமிச்சீனோ விமான நிலையம். அவர்கள் கப்பலேறும் இடம் சிவித்தாவெக்கியா துறைமுகம். இரண்டும் வெவ்வேறு ஊர்கள். சாலை வழியாக இடையே சுமார் 70 கி.மீ. தொலைவு உள்ளது. இந்த 70 கி.மீ. தூரத்தை எவ்வாறு கடப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது, எங்கே தவறு நேர்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தவறு பெரும்பாலும் விளம்பரத் தாளிலேயே தொடங்கிவிடுகிறது. கப்பல் நிறுவனங்கள் புறப்படும் இடத்தை 'ரோம்' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டு, சிவித்தாவெக்கியா என்பதைப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுவது வழக்கம். படிப்பவர் கப்பல் ரோம் நகரிலிருந்தே கிளம்புகிறது என்று எண்ணிக்கொள்கிறார். ரோம் கடற்கரை நகரம் அன்று. அது டைபர் ஆற்றங்கரையில், உள்நாட்டில் உள்ளது. உலகின் பல பெருநகரங்களுக்கும் இதே கதைதான். 'லண்டன்' கப்பல் சவுத்தாம்டனிலிருந்தும், 'பாரிஸ்' கப்பல் லே ஆவ்ரிலிருந்தும், 'ஃபுளோரன்ஸ்' கப்பல் லிவோர்னோவிலிருந்தும் புறப்படுகின்றன. எனவே பயணச்சீட்டு வாங்கும்போதே துறைமுகத்தின் பெயரைத் தனியே குறித்துக்கொண்டு, அதை வரைபடத்தில் பார்த்துவிடுவது நல்லது.

பெயரைச் சொல்லும் முறையையும் இங்கே குறிப்பிடலாம். சிவித்தாவெக்கியா என்பதன் முதலெழுத்தை 'அச்சு' என்ற சொல்லில் வரும் சகரம்போல அழுத்தி 'ச்சி' என்று ஒலிக்க வேண்டும். இத்தாலிய மொழியில் இதன் பொருள் 'பழைய ஊர்' என்பதாகும்.

துறைமுகம் ஏன் அவ்வளவு தொலைவில் உள்ளது?

விமான நிலையம் கடலோரத்திலேயே இருக்கிறது. அப்படியிருக்க, கப்பல் துறை அதன் பக்கத்திலேயே இருந்திருக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. உண்மையில் ஒரு காலத்தில் அங்கேதான் துறைமுகம் இருந்தது.

டைபர் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குச் சற்று வடக்கே, பேரரசர் கிளாடியஸ் கி.பி. 42இல் ஒரு பெரிய துறைமுகம் அமைக்கத் தொடங்கினார். கடலுக்குள் இரு கரங்களைப்போல வளைந்து செல்லும் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. கலங்கரை விளக்கத்துக்கு அடித்தளமாக ஒரு பெரிய கப்பலையே நீரில் மூழ்கடித்தார்கள். எகிப்திலிருந்து ஒரே கல்லாலான உயர்ந்த தூணை ரோமுக்குக் கொண்டுவந்த கப்பல் அது. அந்தத் தூண் இன்றும் வத்திக்கானில் புனித பேதுரு சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது. இந்தத் துறைமுகம் பரந்து விரிந்திருந்ததே அதற்குப் பகையாயிற்று. கி.பி. 62இல் வீசிய புயலில், துறைமுகத்துக்குள் பாதுகாப்பாக நின்றிருந்த ஏறத்தாழ 200 கப்பல்கள் அழிந்தன என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

பின்னர் வந்த பேரரசர் டிராஜன், அதற்கு உட்புறமாக அறுகோண வடிவில் ஒரு குளத்தை வெட்டிக் கப்பல்களை உள்ளே நிறுத்தினார். அதன் ஒவ்வொரு பக்கமும் 350 மீட்டருக்குச் சற்று மேல். முசிறியில் மரக்கலம் ஏறிய மிளகு செங்கடல், நைல் ஆறு, அலெக்சாந்திரியா என்று கைமாறி இத்தாலியை அடைந்த காலம் அது. சங்கப் பாடல்கள் கூறும் யவனரின் வணிக வழி மறுமுனையில் முடிந்த இடங்களுள் இந்தத் துறையும் ஒன்று.

ஆனால் டைபர் ஆறு மண்ணையும் மணலையும் ஓயாமல் கொண்டுவந்து கொட்டியது. கடற்கரை மேற்கு நோக்கி நகர்ந்தது. கிளாடியஸின் துறைமுகம் தூர்ந்து தரையாயிற்று. டிராஜனின் அறுகோணக் குளம் மட்டும் இன்றும் நீரோடு இருக்கிறது. ஆனால் கடல் அதைவிட்டு சுமார் 3 கி.மீ. விலகிப் போய்விட்டது. இன்றைய விமான நிலையத்தின் ஒரு பகுதி, பழைய துறைமுகம் தூர்ந்த நிலத்தின்மேலேயே அமைந்துள்ளது. நிலையம் கட்டப்பட்டபோது ரோமானியர் காலத்துப் படகுகளின் மரப்பகுதிகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. அவை பக்கத்திலேயே ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. விமானம் தரையிறங்கும்போது சன்னலோர இருக்கை கிடைத்தவர்கள், வயல்களுக்கு நடுவே கணக்குப் புத்தகத்தில் வரைந்ததுபோன்ற அந்த அறுகோண நீர்ப்பரப்பைக் காண முடியும்.

அதே டிராஜன் வடக்கே சென்டும்செல்லே என்ற இடத்தில் இன்னொரு துறைமுகத்தையும் அமைத்தார். அங்கே பெரிய ஆறு எதுவும் கலக்கவில்லை. கரையும் பாறைக் கரை. அந்தத் துறைமுகம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தபோது நேரில் பார்த்த இளைய பிளினி, அதைத் தம் கடிதமொன்றில் விவரித்துள்ளார். அகன்ற படகுகளில் பெரும் பாறைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கடலில் தள்ளி, துறைமுக வாயிலில் ஒரு செயற்கைத் தீவையே உருவாக்கினார்களாம். அந்தச் சென்டும்செல்லேதான் இன்றைய சிவித்தாவெக்கியா. 9ஆம் நூற்றாண்டில் கடல்வழித் தாக்குதலுக்கு அஞ்சி மலைப்பகுதிக்கு ஓடிய மக்கள், பின்னாளில் தங்கள் 'பழைய ஊருக்கு'த் திரும்பியதால் இப்பெயர் வந்தது என்பர்.

பின்னர் அது போப்பாண்டவரின் ஆட்சிப்பகுதிக்கு முதன்மைத் துறைமுகமாயிற்று. 1508இல் கட்டத் தொடங்கிய கோட்டை இன்றும் துறைமுகத்தின் முகப்பில் நிற்கிறது. அதன் நடுக்கோபுரத்தின் மேற்பகுதி மைக்கேலாஞ்சலோவின் வடிவமைப்பு என்று கருதப்படுவதால், அது அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 1859இல் ரோமிலிருந்து ரயில் பாதையும் போடப்பட்டது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் ஊரும் துறைமுகமும் பெரிதும் சிதைந்து, பின்னர் மீண்டும் கட்டப்பட்டன. அண்மை ஆண்டுகளில், ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சொகுசுக் கப்பல் பயணிகள் இத்துறைமுகத்தின் வழியே செல்கிறார்கள்.

ஃபியுமிச்சீனோ கடற்கரையிலேயே சொகுசுக் கப்பல் துறை ஒன்றை அமைக்கும் திட்டமும் முன்வைக்கப்பட்டு, உள்ளூரில் எதிர்ப்பையும் சந்தித்துள்ளது. எனவே இப்போதைக்கு 70 கி.மீ. பயணத்தைத் தவிர்க்க முடியாது.

ரயில் வழி

விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் உள்ளது. முனையங்களிலிருந்து மூடிய நடைபாதை வழியாக நடந்தே செல்லலாம். அங்கிருந்து இரண்டு வகை ரயில்கள் புறப்படுகின்றன. பயணிகள் குழம்புவதும் இங்கேதான்.

முதலாவது 'லியோனார்டோ எக்ஸ்பிரஸ்'. எங்கும் நில்லாமல் 32 நிமிடத்தில் ரோமின் மைய நிலையமான தெர்மினியை அடைகிறது. கட்டணம் 14 யூரோ. இரண்டாவது எஃப்.எல். 1 என்ற புறநகர் ரயில். இது தெர்மினிக்குப் போவதில்லை; நகரின் ஓரமாகத் திராஸ்தேவெரே, ஒஸ்தியென்சே, திபுர்தீனா ஆகிய நிலையங்கள் வழியாகச் செல்கிறது. கட்டணம் 8 யூரோ. (இக்கட்டுரையில் உள்ள கட்டணங்கள் 2025ஆம் ஆண்டு வாக்கில் இருந்தவை, பயணத்துக்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.)

சிவித்தாவெக்கியாவுக்குச் செல்லும் புறநகர் ரயில் எஃப்.எல். 5. இது தெர்மினியில் புறப்பட்டு ஒஸ்தியென்சே, திராஸ்தேவெரே, சான் பியெத்ரோ நிலையங்களைக் கடந்து, கடற்கரையோரமாக வடக்கே செல்கிறது. இந்த வழிகளை ஒரு தாளில் வரைந்து பார்த்தால் விடை தானே கிடைத்துவிடும். எஃப்.எல். 1, எஃப்.எல். 5 ஆகிய இரண்டு தடங்களும் திராஸ்தேவெரேயில் சந்திக்கின்றன. ஆகவே விமான நிலையத்தில் எஃப்.எல். 1 ஏறி, சுமார் 27 நிமிடத்தில் திராஸ்தேவெரேயில் இறங்கி, அங்கே எஃப்.எல். 5 ஏறுவதே குறுக்கு வழி. திராஸ்தேவெரேயிலிருந்து சிவித்தாவெக்கியாவுக்கு, ரயிலைப் பொறுத்து 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அந்தச் சீட்டு 5 யூரோ அளவில்தான். மொத்தச் செலவு ஏறத்தாழ 13 யூரோ. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் சீட்டு ஒன்றின் விலைகூட இதைவிட அதிகம்.

ஆனாலும் புதியவர்களில் பலர் தெர்மினிக்கே போகிறார்கள். 'எக்ஸ்பிரஸ்' என்ற பெயரும், மைய நிலையத்தில்தான் எல்லா வண்டியும் கிடைக்கும் என்ற பழக்கமும் அதற்குக் காரணம். சென்னைக்காரர் சென்ட்ரலையும் எழும்பூரையும் நினைத்துக்கொள்வதுபோலத்தான். தெர்மினிக்குப் போவதால் கூடுதல் கட்டணம் கொடுத்து, நகரின் நடுவரை சென்று, வந்த திசையிலேயே பாதித் தூரம் திரும்ப வேண்டும். அதோடு எஃப்.எல். 5 நிற்கும் நடைமேடைகள் நிலையத்தின் முன்மண்டபத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. பெரிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு அங்கே நடப்பதற்குள் ஒரு வண்டி போய்விடும். ரோமில் ஓரிரு நாள் தங்கிவிட்டுக் கப்பலுக்குப் போகிறவர்களுக்குத் தெர்மினி பொருந்தும். விமானத்திலிருந்து நேரே கப்பலுக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தாது.

திராஸ்தேவெரே வழியும்கூட ஒருவகையில் சுற்றுவழிதான். ஃபியுமிச்சீனோவும் சிவித்தாவெக்கியாவும் ஒரே கடற்கரையில் உள்ளவை. ஆனால் ரயில் பாதைகள் ரோமை நோக்கியே போடப்பட்டதால், பயணி முக்கோணத்தின் ஒரு பக்கத்தை விட்டு மற்ற இரண்டு பக்கங்களையும் கடக்கிறார். எஃப்.எல். 5 ரயில் மக்கரேசே என்ற நிலையத்தைத் தாண்டும்போது, அது விமான நிலையம் இருக்கும் அதே ஃபியுமிச்சீனோ நகராட்சி எல்லைக்குள்தான் ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு முன் விட்டுவந்த இடத்துக்கு அருகிலேயே வந்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரியும்.

அறிவிப்புப் பலகையைப் படிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இத்தாலிய நிலையங்களில் பலகை வண்டியின் கடைசி நிலையத்தையே பெரிதாகக் காட்டும். விமான நிலையத்தில் எஃப்.எல். 1 வண்டி 'ஒர்த்தே' அல்லது 'ஃபாரா சபீனா' என்ற பெயரில்தான் இருக்கும். 'திராஸ்தேவெரே' என்று தேடினால் கண்ணில் படாது. அதுபோலத் திராஸ்தேவெரேயில் 'சிவித்தாவெக்கியா' என்று போட்ட வண்டிகளோடு, 'கிரோசேத்தோ', 'பீசா' என்று போட்ட வட்டார ரயில்களும் சிவித்தாவெக்கியாவில் நின்று செல்லக்கூடும். இடையில் நிற்கும் ஊர்களைச் சிறிய எழுத்தில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். 'பினாரியோ' என்றால் நடைமேடை. 'ரித்தார்தோ' என்றால் தாமதம். நடைமேடை எண் கடைசி நேரத்தில் மாறுவது அங்கே புதிதன்று. திராஸ்தேவெரேயில் நடைமேடை மாறச் சுரங்கப்பாதையில் இறங்கி ஏற வேண்டும். ஆகவே பலகையின்மேல் ஒரு கண் இருக்கட்டும்.

காகிதச் சீட்டு வாங்கியவர்கள், வண்டி ஏறுமுன் நடைமேடை அருகே உள்ள சிறு இயந்திரத்தில் அதை நுழைத்து நேரமுத்திரை பெற வேண்டும். சீட்டு இருந்தும் முத்திரை இல்லாவிட்டால் அபராதம் உண்டு. வெளிநாட்டவர் என்பது அங்கே சமாதானமாக ஏற்கப்படாது. கைபேசியில் வாங்கும் சீட்டுக்கு இந்த முத்திரை இல்லை. அதற்குரிய பதிவைக் கைபேசியிலேயே செய்துகொள்ள வேண்டும்.

வேலைநிறுத்தம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். இத்தாலிய மொழியில் அதற்கு 'ஷோப்பெரோ' என்று பெயர். போக்குவரத்து வேலைநிறுத்தத்தை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. வார நாள்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் வட்டார ரயில்களில் குறிப்பிட்ட சேவைகளை ஓட்டியாக வேண்டும். நண்பகலில் விமானம் இறங்கி மாலையில் கப்பலேறுகிறவருக்கு இந்தப் பாதுகாப்பு நேரங்கள் இரண்டுமே பயன்படா. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு ரயில்வேயின் இணையதளத்தில் அறிவிப்பு ஏதும் உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் மாற்று வழியைத் தேட நேரம் கிடைக்கும்.

சிவித்தாவெக்கியா நிலையத்தில் இறங்கிய பிறகு

நிலையத்தைவிட்டு வெளியே வந்தால் எதிரே கடல். வலப்புறம் திரும்பிக் கடற்கரைச் சாலையில் 10 முதல் 15 நிமிடம் நடந்தால் மைக்கேலாஞ்சலோ கோட்டை வந்துவிடும். கோட்டையைக் கண்டதும் துறைமுகம் வந்துவிட்டது என்று மகிழ்வது இயல்பே. ஆனால் கப்பல் அங்கே இல்லை. இன்றைய பெருங்கப்பல்கள் நிற்கும் மேடைகள், கடலுக்குள் நீண்டு செல்லும் அலைதடுப்புச் சுவரை ஒட்டி வெகுதூரம் தள்ளி இருக்கின்றன. அங்கே பெட்டிகளோடு நடந்து செல்வது நடைமுறையில் இயலாது. துறைமுகப் பேருந்தில்தான் போக வேண்டும்.

பேருந்துகள் கூடும் இடத்தின் பெயர் லார்கோ தெல்லா பாச்சே. 'அமைதிச் சதுக்கம்' என்று பொருள் கொள்ளலாம். நிலையத்திலிருந்து அங்கே செல்லச் சிறு கட்டணத்தில் பேருந்து உண்டு. அங்கிருந்து கப்பல் மேடைகளுக்குத் துறைமுகப் பேருந்துகள் இலவசமாகச் செல்கின்றன. ஒரே நாளில் நான்கைந்து கப்பல்கள் நிற்கக்கூடும் என்பதால், எந்தக் கப்பலின் பேருந்து என்பதைக் கேட்டு ஏற வேண்டும். சார்தீனியா தீவுக்கும் பார்சிலோனாவுக்கும் செல்லும் பயணிகள் படகுகளும் இதே துறைமுகத்திலிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றின் மேடைகள் வேறு.

சாலை வழி

மூவர் நால்வராகக் குடும்பத்தோடு செல்வோருக்கும், முதியோருக்கும், பெரிய பெட்டிகள் உள்ளவர்களுக்கும் காரே ஏற்றது. விமான நிலையத்திலிருந்து வெளியேறி ஏ12 என்ற விரைவுச் சாலையில் வடக்கே சென்றால் நேரே சிவித்தாவெக்கியா. நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். முன்பே சொன்ன முக்கோணத்தின் மூன்றாவது பக்கம் இதுதான்.

அங்கீகாரம் பெற்ற வாடகைக் கார்கள் வெள்ளை நிறத்தில், கூரைமேல் பலகையோடு, முனையத்தின் வாசலில் வரிசையாக நிற்கும். ரோமின் பழைய மதிற்சுவருக்குள் செல்வதற்கு நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. அந்தக் கட்டணத்தைப் படித்துவிட்டு வந்து, சிவித்தாவெக்கியாவுக்கும் அதுவே என்று எண்ணக் கூடாது. துறைமுகத்துக்குப் பொதுவாக 100 யூரோவுக்கு மேல் ஆகும். ஏறுமுன் தொகையைப் பேசி முடிவுசெய்வது அவசியம். வருகைக் கூடத்துக்குள்ளேயே வந்து 'டாக்சி, டாக்சி' என்று அழைப்பவர்களை நம்பிச் செல்ல வேண்டாம். முன்பதிவு செய்த தனியார் கார்களும் உண்டு. ஓட்டுநர் பெயர்ப் பலகையோடு காத்திருப்பார்.

கப்பல் நிறுவனங்களே விமான நிலையத்திலிருந்து பேருந்து ஏற்பாடு செய்கின்றன. தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதால், குடும்பமாகச் செல்வோருக்குக் கார் செலவைவிடக் கூடிவிடலாம். மற்ற விமானங்களில் வருவோருக்காகக் காத்திருக்கவும் நேரும். ஆனால் அதற்கொரு சிறப்பு உண்டு: தம் பேருந்து சாலையில் சிக்கிக்கொண்டால் கப்பல் நிறுவனத்துக்கு அது தெரிந்திருக்கும். தனியே வருபவர் எங்கே சிக்கியிருக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. முதன்முறை வெளிநாடு செல்லும் முதியவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும்.

சியம்பீனோ என்ற ரோமின் இரண்டாவது விமான நிலையத்தில் இறங்குவோர், பேருந்தில் தெர்மினி சென்று எஃப்.எல். 5 பிடிக்கலாம். அவர்களுக்குத் திராஸ்தேவெரே வழி கிடையாது.

எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

கப்பல் விமானத்தைப் போன்றதுதான். புறப்படும் நேரத்துக்குப் போய் நின்றால் ஏற முடியாது. பயணிகள் பட்டியலை முன்கூட்டியே அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருப்பதால், கப்பலேறும் பதிவு ஒரு மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே மூடப்படுகிறது. சரியான நேரம் கப்பல் சீட்டிலேயே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது; பதிவு 3.30க்கு மூடப்படுகிறது; விமானம் காலை 11 மணிக்குத் தரையிறங்குகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஆறு மணி நேரம் கையில் இருக்கிறது. இப்போது நிதானமாகக் கூட்டிப் பார்ப்போம். குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் 90 நிமிடம். ரயில் நிலையத்துக்கு நடந்து சீட்டு வாங்க 20. வண்டிக்குக் காத்திருக்க 15. திராஸ்தேவெரே வரை 27. அங்கே அடுத்த வண்டிக்குக் காத்திருக்க 30. சிவித்தாவெக்கியா வரை 60. நிலையத்திலிருந்து இரண்டு பேருந்துகள் மாறிக் கப்பல் மேடைக்குப் போக 35. மொத்தம் 277 நிமிடம்; அதாவது 4 மணி 37 நிமிடம். கப்பல் மேடையில் நிற்கும்போது மணி 3.37. பதிவு மூடி ஏழு நிமிடம் ஆகியிருக்கும். கப்பல் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும்; அது புறப்பட இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கும்.

இந்தக் கணக்கில் விமானம் தாமதமாகவில்லை, வேலைநிறுத்தம் இல்லை, யாரும் வழி தவறவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். எல்லாம் விரைவாக அமைந்தால் இதே பயணம் மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடியும். காரில் சென்றால், சோதனைக்கு அதே 90 நிமிடம், காரைப் பிடிக்க 15, சாலையில் நெரிசலோடு சேர்த்து 75 என்று, மூன்று மணி நேரத்தில் 2 மணிக்கே சேர்ந்துவிடலாம்.

குடியேற்றச் சோதனைக்கு 90 நிமிடம் மிகை என்று சிலர் நினைக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத கடவுச்சீட்டு உடையவர்களின் வருகையை முகப்படத்தோடும், தேவைப்பட்டால் கைரேகையோடும் பதிவுசெய்யும் புதிய முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்துள்ளது. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பெரிய விமானங்கள் இறங்கிவிட்டால் வரிசை நீளும். தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருவோர் பெரும்பாலும் வழியில் ஒருமுறையாவது விமானம் மாறுகிறார்கள். பெட்டி பின்தங்கும் வாய்ப்பும் அவர்களுக்கு அதிகம். பெட்டி ஒரு நாள் தாமதமாக ரோமுக்கு வந்தால், அப்போது கப்பல் நேப்பிள்ஸுக்கோ மெசினாவுக்கோ போயிருக்கும்.

ஆகவே கப்பல் புறப்படும் நாளுக்கு முதல் நாளே இத்தாலிக்கு வந்துவிடுவதுதான் பொருத்தம். ஓர் இரவு விடுதிச் செலவு கூடும். ஆனால் கப்பலைத் தவறவிட்டால், அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில் போய்ச் சேர வேண்டும். தவறவிட்ட நாள்களுக்குப் பணம் திரும்ப வராது. சிவித்தாவெக்கியாவிலேயே தங்குவோர், காலையில் கோட்டை வரை காலாற நடந்துவிட்டுக் கப்பலுக்குப் போகலாம். ரோமைப் பார்க்க விரும்புவோர் எஃப்.எல். 5 நிற்கும் சான் பியெத்ரோ நிலையத்தின் அருகே தங்கினால், வத்திக்கானும் நடை தூரம், துறைமுகமும் ஒரே வண்டி.

விசாவில் கவனிக்க வேண்டியது

இது போக்குவரத்துச் செய்தி அன்று. ஆனாலும் இவ்வளவு சரியாகத் திட்டமிட்டுத் துறைமுகம் வரை வந்தவரும் இதனால் தடுக்கப்படக்கூடும். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. கப்பல் இத்தாலி, கிரீஸ், பிரான்ஸ், ஸ்பெயின் என்று ஷெங்கன் நாடுகளுக்குள்ளேயே சுற்றினால் சிக்கல் குறைவு. குரோவாசியாவும் 2023 சனவரி முதல் அதில் சேர்ந்துவிட்டது. ஆனால் துருக்கி, மொண்டெனேக்ரோ போன்ற நாடுகளைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், ஷெங்கன் பகுதிக்குள் இரண்டாம் முறை நுழைவதாகக் கணக்கு. ஒருமுறை நுழைவதற்கு மட்டும் விசா எடுத்தவரைக் கப்பலில் ஏற்ற மறுப்பார்கள். விண்ணப்பிக்கும்போதே கப்பலின் வழித்தடத்தைக் காட்டிப் பலமுறை நுழையும் விசா கேட்க வேண்டும். துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

திரும்பும் வழி

கப்பல் பொதுவாக அதிகாலையில் துறைமுகத்துக்குள் வந்துவிடும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் இறங்க வேண்டியிருப்பதால், குழுகுழுவாக அழைக்கப்பட்டு எல்லாரும் வெளியேற ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். துறைமுகப் பேருந்திலும் சிவித்தாவெக்கியா நிலையத்தின் சீட்டு இயந்திரங்களிலும் அந்த நேரத்தில்தான் கூட்டம் மிகுந்திருக்கும். சீட்டை முதல்நாளே கைபேசியில் வாங்கிவைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். திராஸ்தேவெரேயில் மாறி விமான நிலையம் செல்ல, வந்தபோது ஆன நேரமே ஆகும். பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்துக் கணக்கிட்டால், பிற்பகல் 2 மணிக்கு முந்தைய விமானத்தை ரயிலை நம்பிப் பதிவு செய்யாமலிருப்பது நல்லது. இரவு விமானம் உள்ளவர்கள் இடையில் கிடைக்கும் நேரத்தில், விமான நிலையத்தின் அருகிலேயே உள்ள பழங்கப்பல் அருங்காட்சியகத்தையும் டிராஜனின் அறுகோணக் குளத்தையும் பார்த்துவிட்டுப் போகலாம். திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.